போதமலை மில்லுக்கு ஏழு பேர் வேண்டும்

ராசிபுரம்
3.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அருணகிரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். ராய்ப்பூர் வெயில் தணிந்ததா? அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான்கு நாளாகப் போன் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் அக்காதான் எடுக்கிறது. ஒருமுறை நீங்கள் தூங்குகிறீர்கள், இன்னொரு முறை கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள். அதனால் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாதா என்று என் மகள் அறிவுச்செல்வி கேட்டாள். இந்த விஷயத்தைக் கட்டைவிரலால் எழுத எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். நம் போதமலை ஸ்பின்னிங் மில் கால்பந்துக் கழகம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மில் மூடியது 1999-ல். நம் கழகமும் அன்றே செத்தது என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் கழகத்தை யாரும் கலைக்கவில்லை. 1997-ல் மாவட்டம் பிரிந்தபோது நம் பெயரும் சேலத்துப் பதிவேட்டிலிருந்து நாமக்கல் பதிவேட்டுக்கு மாற்றப்பட்டது. அதன்பிறகு அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இப்போது மாவட்டக் கால்பந்து சங்கத்துக்குப் புதிய செயலாளர் வந்து, ஆடாத கழகங்களின் பெயர்களையெல்லாம் அடித்துக்கொண்டு வருகிறார். நம் பெயரை அடிக்கும் முன் ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். மில் விலாசத்துக்கு வந்த நோட்டீஸ் அது. மில் இருந்த இடத்தில் இப்போது கோழித்தீவனக் குடோன் இருக்கிறதல்லவா, அங்கிருக்கும் வாட்ச்மேன் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

நேரில் போய்க் கேட்டேன். விதி எளிது. வரும் பருவத்தில் ஓர் ஆட்டத்தை முழுதாக ஆடி முடித்தால் பெயர் நீடிக்கும். ஜெயிக்க வேண்டியதில்லை. களத்தில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். ஆறாகக் குறைந்தால் ஆட்டம் ரத்து, பெயரும் ரத்து. இன்னொன்றும் உண்டு. நாம் கம்பெனி அணியாகப் பதிவானவர்கள். அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்கள்தான் ஆடலாம். இல்லாத கம்பெனியில் புதிதாக யாரைச் சேர்ப்பது? நாம்தான் ஆட வேண்டும்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. நேற்று வீட்டு மாடியில் சுவரில் பந்தை எறிந்து பிடித்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டைப் பிடித்தேன்.

மில்லின் கூரையைப் பிரித்துவிட்டார்கள், சிமினியையும் இடித்துவிட்டார்கள். அந்தப் பெயர் எழுதியிருக்கும் கடைசி இடம் இந்தப் பதிவேடுதான், மச்சான். எப்போது வருகிறீர்கள்?

அக்காவுக்கும் பேரனுக்கும் எங்கள் அன்பு.

பிரியமுள்ள,
அருணகிரி

*

ராய்ப்பூர்
19.8.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம், உங்கள் சுகமே விருப்பம். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படித்ததும் வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை.

செயலாளருக்குக் கழகத்தின் வரலாறு தெரியாது போலிருக்கிறது. நீ எழுதிக் கொடு. 1966-ல் மில்லுக்கு வந்த வங்காளத்து இன்ஜினியர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே பந்து உதைத்ததுதான் ஆரம்பம். பிறகு பந்து உதைக்கத் தெரிந்தவனுக்கு மில்லில் வேலை என்று ஆனது. 1982-ல் நான் வேலை கேட்டுப் போனபோது, நூல் இழுக்கத் தெரியுமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. "இடது காலா, வலது காலா?" என்றுதான் கேட்டார்கள். இடது என்றேன். அன்றே ஸ்பின்னிங் ஹாலில் சேர்த்துக்கொண்டார்கள்.

சட்டையைப் பற்றியும் எழுது. நம் நூலில் நெய்து, நம் சாயத்தொட்டியில் முக்கிய அரக்குச் சட்டை. ஆத்தூரில் மழையில் ஆடியபோது சாயம் ஓடி, எதிரணியின் வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு யார் எந்த அணி என்று ரெஃபரிக்கே தெரியவில்லை.

1989 இறுதி ஆட்டத்தில் நான் கோல் போட்டதாக நீ ஊரெல்லாம் சொல்வாய். எழுதும்போது அப்படி எழுதாதே. இரண்டு கோலும் ரங்கண்ணன் போட்டது. நான் பந்தைக் கொடுத்தேன், அவ்வளவுதான். செத்துப்போனவரின் கோலை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

யார் யார் கிடைத்தார்கள் என்று எழுது. கந்தன் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பதாகக் கேள்வி. அவனை விட்டுவிடாதே.

அன்புடன்,
ஜெகதீஸ்வரன்

*

ராசிபுரம்
28.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி என் வீட்டில் யாரும் சீரியல் பார்க்கவில்லை. நான் படிக்க, அவர்கள் கேட்டார்கள்.

கந்தன் கிடைத்துவிட்டான்! போன் போட்டபோது அவன் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். பம்ப்செட் அலறுகிறது. நான் "ஹலோ" என்றதுமே, "அருணகிரிதானுங்க? இருபது வருஷங் கழிச்சு எதுக்குங்க, பந்து கிந்து கெடச்சுதுங்களா?" என்றான். அந்தச் சத்தத்திலும் குரலைக் கண்டுபிடித்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். "வாரேனுங்க. ஆனா ஒண்ணு, ஆப் டைம்ல வெத்தலை போட உடோணும்" என்றான்.

சின்னராஜ் முட்டை லாரி ஓட்டுகிறான். பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவனை நாமக்கல்லில் பிடித்தேன். தொப்பை போட்டிருக்கிறது. "இதை வெச்சுக்கிட்டு எப்படிடா பேக் ஆடுவே?" என்று கேட்டேன். "பேக்குன்னா என்னங்கண்ணா, பந்து தாண்டிப் போகக் கூடாது, அவ்வளவுதானே? இதைத் தாண்டி எப்படிப் போகுமுங்க?" என்கிறான்.

கார்டிங் பிரிவில் இருந்த அண்ணன் தம்பி இருவரும் ஆத்தூரில் அரிசி மில்லில் இருக்கிறார்கள். அவர்களும் சரி என்றுவிட்டார்கள். என்னோடு ஐந்து. உங்களோடு ஆறு. இன்னும் ஒருவர்தான் வேண்டும்.

நீங்கள் போன கடிதத்தில் எல்லாம் எழுதினீர்கள். எப்போது வருகிறீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. வயசாகிறதல்லவா, மறந்திருப்பீர்கள்.

பிரியமுள்ள,
அருணகிரி

*

ராய்ப்பூர்
30.9.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மகனின் போர்வெல் ரிக் உதிரிபாகக் கடையில் ஸ்டாக் எடுக்கும் வேலை இருந்தது.

நீ பஞ்சு பேல் அடுக்கும் குடோன்காரன். மற்றவர்களெல்லாம் ஹால்காரர்கள். அதனால் முதலில் நம் கை பாஷையைப் படித்துக்கொள். அந்த நாளில் நீ கோல் போஸ்ட்டில் நின்றுகொண்டு எதையும் தப்பாகத்தான் புரிந்துகொள்வாய். மிஷின் ஓடும் ஹாலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால்தான் கையால் பேசினோம். இரண்டு விரலைக் கத்தரிபோல ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. மைதானத்தில் அதற்கு அர்த்தம், எதிராளி வரிசையில் ஓட்டை விழுந்துவிட்டது, ஓடு. மீசையைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். மைதானத்தில், உன் பின்னால் ஆள்.

இந்த மீசையால் வந்த ஓரியாட்டம், அந்தக் கைகலப்பு, ஞாபகம் இருக்கிறதா? சேலத்தில் ஒரு லாரி பாடி பட்டறை அணியோடு ஆடினோம். கந்தனை எச்சரிக்க நான் மீசையைத் தடவினேன். அவன் பின்னால் வந்த ஆள், தன்னைப் பார்த்துத்தான் முறுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "யாருகிட்டடா மீசையை முறுக்கறே?" என்று ஓடிவந்து சட்டையைப் பிடித்தான். அவனை விலக்கச் சொல்லி ரங்கண்ணனுக்குச் சைகை காட்டினேன். அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். கடைசியில் ரெஃபரி நம் பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தி, எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆட்டத்தைத் தொடர விட்டார்.

ஏழு பேரென்றால் முன்னால் ஒருவன் போதும். மற்றவர்கள் பின்னால் நிற்கட்டும். யாரும் விழாமல் இருப்பதுதான் முக்கியம். முன்னால் நிற்க ரீலிங் மாஸ்டரின் தம்பியைக் கேட்டுப் பார். இங்கிருந்து ரயிலில் டிக்கெட் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது.

அன்புடன்,
ஜெகதீஸ்வரன்

*

ராசிபுரம்
9.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். நாங்கள் நலம்.

தேதி வைத்துவிட்டார்கள். 2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை, காலை. திருச்செங்கோட்டு இளைஞர் அணியோடு நாமக்கல்லில் ஆட்டம். பையன்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. அவர்கள் ஆடுவதை ஒருநாள் போய்ப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ரீலிங் மாஸ்டரின் தம்பியும் வருகிறார். அவரோடு ஆறு ஆகிவிட்டது. முன்னால் நிற்க அவரால் ஆகாது, இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். ஆறு பேரையும் பின்னால்தான் நிறுத்த முடியும். ஏழாவது ஆள் நீங்கள். இதற்குமேல் மில்லில் சம்பளம் வாங்கிய, நடமாடுகிற ஆட்டக்காரர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்று மாதம் இருக்கிறது, டிக்கெட் கிடைக்காதா? நான் வேண்டுமானால் சேலத்தில் கவுண்டரில் நின்று எடுத்து அனுப்புகிறேன். வர விருப்பம் இல்லையென்றால் அதையாவது எழுதுங்கள். செயலாளரிடம் போய், பெயரை அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படி எழுதியதற்கு மன்னிக்கவும். சட்டைக்குத் துணி எடுத்துவிட்டேன். அரக்குதான். சாயம் போகாதாம்.

அருணகிரி

*

ராய்ப்பூர்
25.10.2024

தம்பி அருணகிரிக்கு,

அக்கா ஜானகி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாயிற்றா? என் முட்டிவலி பரவாயில்லை.

உன் கடைசிக் கடிதத்தை மச்சான் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். நான்கு நாளாயிற்று. நீ தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மச்சானுக்குக் காது முழுக்கப் போய்விட்டது, தம்பி. இரண்டு வருஷமாகிறது. ஹால் சத்தம் அரைக்காதை அப்போதே தின்றுவிட்டது, மீதி இங்கே வந்து போனது. மிஷின் வாங்கிக் காதில் வைத்தோம். இரைச்சல்தான் வருகிறதாம். யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். டிவியில் மேட்சைச் சத்தமில்லாமல் பார்ப்பார். கேட்டால் "உனக்குத் தொந்தரவா இருக்குமுன்னு கொறச்சு வெச்சிருக்கேன்" என்பார். நானும் சரி என்பேன்.

போனில் உனக்குச் சொல்லியிருப்பேன். எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹாலில் வாய் பார்த்தே பேசிப் பழகியவர். ஒரு சொல் தப்பாது.

ஆட வேண்டுமென்று அவருக்கு உயிர். விடியற்காலையில் மொட்டைமாடியில் ஓடுகிறார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. போன வருஷம் இந்தக் காலனிப் பையன்களோடு ஆடப் போனார். விசில் ஊதி எல்லோரும் நின்ற பிறகும் இவர் மட்டும் பந்தை ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து ஷூவைப் பரணில் போட்டுவிட்டார். "நம்மூர்லயும் அப்படி நின்னா என்ன பண்றது ஜானகி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். உனக்கு ஏதாவது வழி தோன்றினால் செய்.

அக்கா
ஜானகி

*

ராசிபுரம்
4.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன். மறந்துவிடுங்கள். இங்கே வேறொரு சிக்கல் வந்து, அதையும் தீர்த்துவிட்டோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் கந்தனுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. ஆறு பேரும் மைதானத்தில் பயிற்சிக்குக் கூடினோம். விசில் ஊதினால் அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறான். கார்டிங் அண்ணனுக்கும் பாதிக் காதுதான். ஹால்காரர்களுக்கு வேறு எப்படி இருக்கும்? இதை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது என்று யோசித்தோம்.

அப்போதுதான் ரீலிங் ஆராயி ஞாபகம் வந்தது. ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் ஹாலுக்குள் கேட்காது. ரீலிங் வாசலில் ஆராயி நின்று கையை உயரத் தூக்கும். அதைப் பார்த்துத்தானே நீங்களெல்லாம் மிஷினை நிறுத்துவீர்கள்? ஆராயி இப்போது பக்கத்தில் பட்டணம் கிராமத்தில் மகள் வீட்டில் இருக்கிறது. போய்க் கேட்டேன். "சங்குக்குத் தூக்குன கை விசிலுக்குத் தூக்காதா? நீ போ சாமி, நான் வாரேன்" என்றது.

ஆகவே ஆட்டம் முழுக்க ஆராயி நடுக்கோட்டுக்கு நேராக வெளியே நிற்கும். விசில் ஊதினால் கை மேலே போகும். கையைப் பார்த்தால் நிற்க வேண்டும், கை இறங்கினால் ஆட வேண்டும். ரெஃபரியிடமும் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். எல்லாம் கந்தனுக்காகத்தான்.

இதில் உங்களுக்கு ஆட்சேபம் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

பிரியமுள்ள,
அருணகிரி

*

ராய்ப்பூர்
20.11.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். கந்தனுக்குக் காது போனது கேட்டு வருத்தம். நல்ல ஆட்டக்காரன். அவனிடம் அதைப் பற்றி யாரும் கேலி பேசாமல் பார்த்துக்கொள்.

ஆராயி ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

ஜனவரி 1-ஆம் தேதி கோர்பா ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கும் ஜானகிக்கும். என் சட்டைக்கு 11 என்று போடச் சொல். சைஸ் முன்பு போல அல்ல, ஒன்று பெரியதாக.

ஷூவைப் பரணிலிருந்து இறக்கினேன். பல்லி ஒன்று குடித்தனம் வைத்திருந்தது.

அன்புடன்,
ஜெகதீஸ்வரன்

*

ராசிபுரம்
12.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. தொடைப் பிடிப்பு விட்டதா? என்னால் இன்னும் குனிந்து செருப்பை எடுக்க முடியவில்லை. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

செயலாளர் வெள்ளிக்கிழமை தாளைக் கொடுத்துவிட்டார். பெயர் நீடிக்கிறது. ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தை முழுதாக ஆடும் வரை நீடிக்கும்.

ஆட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். ஆனால் நீங்கள் ஆட்டத்திலேயே கவனமாக இருந்திருப்பீர்கள், வெளியே இருந்தவர்கள் பேசியது காதில் விழுந்திருக்காது. அறிவுச்செல்வி ஆராயிக்குப் பக்கத்தில் நின்று முழு ஆட்டத்தையும் போனில் பிடித்திருக்கிறாள். அதை நான்கு தடவை கேட்டு, விழுந்த பேச்சை வரிசையாக எழுதுகிறேன்.

நாம் ஏழு பேரும் இறங்கியதும் ஒரு பையன், "ஏனுங்க, இது வாக்கிங் சங்கமுங்களா?" என்கிறான். ஆராயி: "கண்ணு, உங்கொப்பன் நடக்கப் பழகறப்பவே இவுங்க கப்பு வாங்கிட்டாங்க. வாயை மூடிட்டுப் பாரு."

திருச்செங்கோட்டுக் கோச் தன் பையன்களிடம்: "பெரியவங்க மேல இடிச்சுப் போடாதீங்கடா. ஆனா சும்மாவும் உட்றாதீங்க, அவுங்களுக்குக் கோவம் வந்துரும்." நல்ல மனிதர்.

முதல் கோல் என் காலுக்கு நடுவே போனபோது ஜானகி அக்கா, "எந்தம்பி கல்யாணத்துக்கு முன்னால இருந்தே அப்படித்தான்" என்கிறது. இது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

நீங்கள் மீசையைத் தடவினீர்கள் அல்லவா? அவர்களுடைய எட்டாம் நம்பர் பையன் கோட்டோரம் வந்து, "அண்ணா, அந்தத் தாத்தா என்னயப் பாத்து மீசைய முறுக்கறாருங்க" என்று கோச்சிடம் முறையிட்டான். கோச்: "உனக்கு மீசை மொளச்சதும் நீயும் முறுக்கு. இப்பப் பந்தைப் பாரு." இதைக் கேட்டு மைதானத்தில் கந்தன் சிரித்தான்.

மூன்று கோல் விழுந்த பிறகு வாக்கிங் சங்கம் என்று சொன்ன அதே பையன், "ஏம்மா, அந்த பதினொண்ணு யாரு? பந்து அவருகிட்டப் போனா மட்டும் நம்ம பசங்க மூணு பேரு ஓடறாங்க" என்று ஆராயியிடம் கேட்டான். ஆராயி, "ஜெகதீஸ்வரன். ஸ்பின்னிங்கு, ரெண்டாம் ஷிப்டு" என்றது. பையன் என்ன புரிந்துகொண்டானோ, அதன்பிறகு "ரெண்டாம் ஷிப்டு! ரெண்டாம் ஷிப்டு!" என்று கத்த ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆட்டம் முடியும் வரை அது நிற்கவில்லை. அது உங்களுக்குப் போட்ட சத்தம், மச்சான்.

சின்னராஜுக்குத் தொடை பிடித்துக்கொண்டபோதுதான் எனக்கு உயிரே போயிற்று. அவன் வெளியே போனால் நாம் ஆறு. அவன் ரெஃபரியிடம், "ஏனுங்க சார், ஆட்டத்துல இருக்கோணுமுன்னா ஓடோணுமுங்களா, நின்னாப் போதுமுங்களா?" என்று கேட்டான். ரெஃபரி யோசித்தார். "நின்னாப் போதுமுங்க. ஆனா கோட்டுக்குள்ள நிக்கோணும்." அதன்பிறகு அவன் என் கோல் போஸ்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது உங்களுக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே ஒரு பந்தைத் தொப்பையால் தடுத்தான். "நாஞ் சொன்னனில்லீங்கண்ணா" என்றான். அது போனில் இல்லை, நான் நேராகக் கேட்டது.

கடைசியாக, இடது கோட்டோரம் நீங்கள் பந்தை எடுத்துக்கொண்டு போனீர்கள். அப்போது கேட்டவை: "போறாரு, போறாரு." "ஐயோ, மூச்சு வாங்குது பாருங்க." "ரெண்டாம் ஷிப்டு!" பிறகு ஆராயியின் குரல், "அடி சாமி, அடி!" அதன்பிறகு எல்லாக் குரல்களும் ஒன்றாகிவிட்டன. எத்தனை தடவை கேட்டாலும் பிரித்து எழுத முடியவில்லை. போன் அக்கா பக்கம் திரும்பும்போது அது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

ஐந்துக்கு ஒன்று. தோற்றோம். நான் இத்தனை சந்தோஷமாகத் தோற்றதில்லை.

பிரியமுள்ள,
அருணகிரி

*

ராய்ப்பூர்
27.1.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருவரும் சுகம். தொடைப் பிடிப்பு விட்டது. உன் கடிதத்தை ஜானகியிடமும் மகனிடமும் பேரனிடமும் காட்டினேன். "ரெண்டாம் ஷிப்டு" என்று பேரன் இப்போது என்னைக் கூப்பிடுகிறான். அவன் வாய் அப்படித்தான் போகிறது.

சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கந்தனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ஆட்டம் முடிந்து சாப்பிடும்போது அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள். சட்டென்று திரும்பினான். திரும்பியவன் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், ஏதாச்சு சத்தங் கேட்டுச்சா?" என்றானே, அதற்குத்தான் நான் அப்படிச் சிரித்தேன். எல்லோரும் என்னவென்று கேட்டீர்கள். காது போனவன் நான். உனக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, அவள் சமையலறையில் இருக்கிறாள்.

அடுத்தது, கோல் கணக்கு. சங்கம் போட்ட முடிவைப் பேரன் போனில் எடுத்துக் காட்டினான். ஐந்துக்குப் பூஜ்யம் என்று இருந்தது. நீ அங்கே போய்ச் சண்டை போட வேண்டாம். அவர்கள் போட்டதுதான் சரி.

ரெஃபரி விசில் ஊதியது எனக்குத் தெரியும். அவர் கன்னம் உப்பி இறங்கியதைப் பார்த்தேன். கையைக் காட்டி முடித்ததையும் பார்த்தேன். அவர்களுடைய பையன்கள் தோளைத் தளர விட்டார்கள். கோல்கீப்பர் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டான். நான் ஆராயியைப் பார்த்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ மரத்தில் காக்காய் பார்ப்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கை மேலே போகவில்லை. ஷிப்டு முடியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கோல்கீப்பர் பையனைப் பற்றி நீ எழுதவில்லை. மறுகோடியிலிருந்து உனக்குத் தெரிந்திருக்காது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். சும்மா நின்றிருக்கலாம், கிழவனுக்கு வழிவிட்டிருக்கலாம். அவன் குனிந்தான். கண் பந்தின் மேல் இருந்தது. நான் உதைத்ததும் வெறுங்கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தான். மரியாதைக்குப் பாய்ந்ததல்ல அது. பந்து விரல் நுனியில் பட்டுத்தான் உள்ளே போனது. எழுந்து விரலை உதறிக்கொண்டு என்னிடம் ஏதோ சொன்னான். அவன் வாயை நான் படித்தேன். "அடுத்த வருஷம் உடமாட்டனுங்க" என்றான்.

அதனால் ஆராயியை அடுத்த ஜனவரிக்கும் சொல்லிவை. இந்தத் தடவை எனக்காக என்றே சொல். இங்கே சத்தீஸ்கரில் நம் மில்லில் கோன் வைண்டிங்கில் இருந்த ஒருவர் ரிக் வண்டி ஓட்டுவதாக மகன் கண்டுபிடித்திருக்கிறான். சம்பளம் வாங்கியவர், கோட்டுக்குள் நிற்பார். அவரோடு எட்டு. நான் தினமும் மாடியில் ஓடுகிறேன், இப்போது ஜானகி காபியோடு மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

அங்கே அனைவருக்கும் எங்கள் அன்பு. போன் போடாதே, எழுது.

அன்புடன்,
ஜெகதீஸ்வரன்